மூன்றாம் வேற்றுமை

1

ஈழப் பெண் கவிதைகளை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்கு ஒருபக்கக் குறிப்பு ஒன்றைப் படியெடுத்துக் கொடுப்பேன். கவிஞர் பெயர், ஊர், கவிதைகள் வந்த தொகுப்பு என்று சுருக்கமான பட்டியல். செல்வி என்ற பெயருக்கு நேரே நான் எழுதியிருந்தது ஒரே வரிதான்: ‘1991இல் காணாமல் போனார்.’ பல ஆண்டுகளாக அந்த வரியில் ஒருவரும் தயங்கி நின்றதில்லை. ஒரகடத்தில் இரவு ஷிஃப்டு முடித்து வரும் அப்பாவின் வண்டியில் கல்லூரி வாசலில் வந்து இறங்கும் ஒரு மாணவிதான் முதன்முதலில் கையைத் தூக்கினாள்.

“மேம், காணாமப் போறதுக்கு அவங்க என்ன சின்னக் குழந்தையா? யாரு கூட்டிட்டுப் போனா?”

“போர்க்காலம்மா, அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கவிஞருக்குப் போய்விட்டேன். அன்று மாலை குன்றத்தூர் பேருந்தில் உட்கார்ந்து வரும்போது அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. இலக்கணமும் நான்தான் நடத்துகிறேன். ‘காணாமல் போனார்’ என்பதில் செல்விதான் எழுவாய், போனவர் அவர்தான். யாரோ செய்த வினை, அவரே செய்ததைப்போல அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘கடத்தப்பட்டார்’ என்று மாற்றினால் செயப்பாட்டுவினை வந்துவிடும். ஆனால் அங்கும் ஒரு சொல் குறையும். செய்தவரைச் சொல்ல மூன்றாம் வேற்றுமை வேண்டும். ‘ஆல்’ என்ற உருபு வேண்டும். கருவிப்பொருளும் கருத்தாப்பொருளும் ஆல் உருபுக்கு உரியவை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள், என் சொந்தக் குறிப்பில் அந்த உருபை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அது மறதி அல்ல. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் படியில் அந்த ‘ஆல்’ இருந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு நானே அதை அடித்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. முள்ளிவாய்க்காலில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நாள்களில் மனிதச் சங்கிலியில் நின்றவள் நான். கவியரங்குகளில் அழுது வாசித்தவள். அந்தப் பிணங்களுக்கு நடுவே நின்று, செல்வியைக் கொண்டுபோனவர்கள் விடுதலைப் புலிகள் என்று எழுதக் கை வரவில்லை. ‘இப்போது வேண்டாம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ‘இப்போது’ இன்றுவரை முடியவில்லை.

2

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அரசோடு சேர்ந்த துரோகி என்பது குற்றச்சாட்டு. எண்பதுகளில் அந்தச் சொல் தெருவுக்கு வந்தது. விளக்குக் கம்பத்தில் ஆளைக் கட்டிச் சுட்டு, உடலில் அட்டை ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் பிறந்தது. ‘துரோகி’, ‘சமூக விரோதி’ என்று அட்டையில் எழுதியிருக்கும். விசாரணை எங்கே நடந்தது, சாட்சி யார், எதிர்வாதம் என்ன என்பதற்கெல்லாம் அட்டையில் இடம் இருக்காது. ‘மண்டையில் போடுவது’ என்று அதற்கொரு பேச்சுவழக்கும் உருவானது. ஒரு கொலைக்கு இத்தனை சாதாரணமான சொல் கிடைத்த பிறகு, அடுத்த கொலைக்கு யாரும் திடுக்கிட வேண்டியதில்லை.

பிறகு இயக்கத்துக்குள் இயக்கம். 1986 ஏப்ரல் இறுதியில் தொடங்கிச் சில நாள்களில் டெலோ இயக்கத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் பேராசிரியர் ரஜனி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுடப்பட்டார். சுட்டவர்கள் புலிகளே என்று அவருடைய தோழர்கள் எழுதினார்கள், புலிகள் மறுத்தார்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். தனி மனிதர் மேல் விழுந்துவந்த சந்தேகம் ஒரு சமூகத்தின் மேலேயே விழுந்த நாள் அது. 1994 டிசம்பரில், புலிகள் இயக்கத்தின் துணைத்தலைவராக இருந்த மாத்தையா இந்திய உளவாளி என்ற பெயரில் சொந்த இயக்கத்தாலேயே கொல்லப்பட்டார். 1998 மே மாதம் யாழ்ப்பாண மேயர் சரோஜினி யோகேஸ்வரன் வீட்டிலேயே சுடப்பட்டார். அவருடைய கணவரும் 1989இல் இதே துப்பாக்கிகளால் கொல்லப்பட்டவர்.

இவையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1983க்குப் பிறகு இயக்கங்களின் பயிற்சி முகாம்கள் தமிழ்நாட்டில் இருந்தன. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுப் பகுதியில் புளொட் இயக்கத்தின் முகாம்கள் இருந்தன. கேள்வி கேட்டவர்கள், விலக நினைத்தவர்கள், யாரோ ஒருவரால் உளவாளி என்று கைகாட்டப்பட்டவர்கள் அங்கே சொந்தத் தோழர்களாலேயே சித்திரவதைக்கு ஆளானார்கள். சிலர் கொன்று புதைக்கப்பட்டார்கள். அந்த இயக்கத்தை விட்டு வெளியேறிய தீப்பொறிக் குழுவினர் 1985இல் ‘புதியதோர் உலகம்’ என்ற நாவலை வெளியிட்டார்கள். எழுதியவர் பெயர் கோவிந்தன் என்று அட்டையில் இருந்தது.

அந்த நாவலை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன். இலக்கிய நயம் தேடுகிறவர்களை அது ஏமாற்றும். பல இடங்களில் அறிக்கைபோல ஓடும். மனிதர்கள் பேசுவதைவிட விவாதிப்பது அதிகம். ஆனால் ஒரு காரியத்தை அது வேறெந்த நாவலும் செய்யாத அளவுக்குச் செய்தது: சந்தேகம் எப்படி உற்பத்தியாகிறது என்பதை உள்ளே இருந்து காட்டியது. அடி வாங்கியவன் ஒரு பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயருக்குரியவன் அடி வாங்கி இன்னொரு பெயரைச் சொல்கிறான். வாக்குமூலம் கையில் இருப்பதால், அடித்தவர்களுக்குத் தாங்கள் நியாயவான்கள் என்ற நினைப்பும் நிலைக்கிறது. எழுதிய கோவிந்தனும் 1991இல் புலிகளால் பிடிக்கப்பட்டார். திரும்பி வரவில்லை.

இந்தக் கொலைகளுக்கு இயக்கங்கள் பயன்படுத்திய இன்னொரு சொல் ‘களையெடுப்பு’. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் ஆயா நினைவுக்கு வருவாள். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்குக் களை பறித்தவள். இன்று அந்த வயல்களில் பாதி மனைகளாகவும் கிடங்குகளாகவும் கிடக்கின்றன. களையெடுப்பு பெண்களின் வேலை. இடுப்பு ஒடியக் குனிந்து, நெல்லைப் போலவே தலைநீட்டும் புல்லை ஒவ்வொன்றாகப் பார்த்து, தண்டைத் தடவிப் பார்த்து, பிறகுதான் பிடுங்குவார்கள். பயிரைப் பிடுங்கிவிட்டால் ஆயா அன்று முழுவதும் அதைச் சொல்லிப் புலம்புவாள். அந்த வேலையிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டவர்கள், அந்தக் குனிவையும் தடவிப் பார்ப்பதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

3

பெண்கள் இதில் எங்கே இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ‘புதியதோர் உலகம்’ பெரும்பாலும் ஆண்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் உலகம். வீட்டில் காத்திருந்த தாயும் தங்கையும் அதன் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அந்த ஓரத்தைப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் ரஜனி.

ரஜனியும் மூன்று தோழர்களும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ அவர் இறந்த மறு ஆண்டு, 1990இல் நூலாக வெளிவந்தது. பெண்களைப் பற்றிய பகுதி அவருடையது. ஒருகாலத்தில் அவரே புலிகளுக்காக உழைத்தவர். காயம்பட்டு வந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையின் போர் யாழ்ப்பாணத்தில் மூண்டபின், பாதிக்கப்பட்ட பெண்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்னதை எழுதினார். இந்தியச் சிப்பாய்கள் செய்த பாலியல் வன்முறையை எழுதினார். இலங்கை அரசை எழுதினார். இயக்கங்களை எழுதினார். அவற்றைக் கைதட்டி வளர்த்த சமூகத்தையும் எழுதினார். ஒவ்வோர் இடத்திலும் ‘யாரால்’ என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது.

நாம் அந்த நூலை எப்படி வாசித்தோம்? தமிழ்நாட்டு மேடைகளில் அமைதிப்படையைப் பற்றிய பக்கங்கள் மேற்கோளாயின; இயக்கங்களைப் பற்றிய பக்கங்கள் புரட்டப்படவில்லை. இயக்க எதிர்ப்பாளர்களோ இரண்டாவதை மட்டும் புரட்டினார்கள். சிங்கள அரசுக்கும் இந்திய அரசுக்கும் அது வசதியாக இருந்தது. ஒரே நூலை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம். தன் பிள்ளையைக் கொண்டுபோன சீருடை எது என்று ஒரு தாய்க்குத் தெரியும். அந்தச் சீருடையின் நிறத்தைப் பார்த்து அவளுடைய துக்கத்தை ஏற்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்கிறோம்.

சிவரமணியின் கவிதைகள் 1986இல் யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் வந்தன. போர்க்கால இரவு ஒன்று குழந்தைகளை எப்படிப் பெரியவர்களாக்கிவிடுகிறது என்று அவர் எழுதிய கவிதையை என் மாணவிகள் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். நாய் குரைத்தால் மௌனமாகும் வீட்டை அவர்களால் கற்பனை செய்ய முடிகிறது. ஆனால் அந்த இரவில் வாசலுக்கு வந்தவர் இராணுவமா இயக்கமா என்று கவிதை பிரித்துச் சொல்லாததை நான் பல ஆண்டுகள் அழகியல் நுட்பம் என்று விளக்கிவந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வெளிப்படையாகச் சொல்ல முடியாத ஊரில் இருந்து எழுதியவர் அவர். 1991 மே 19 அன்று, தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார்.  நண்பர்களிடமும் இதழ்களிலும் தப்பியவைதாம் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மே 21 இரவு, எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குண்டைத் தன் உடலில் கட்டி வந்தவர் ஒரு பெண். நான் அப்போது பள்ளிச் சிறுமி. மறுநாள் பேருந்துகள் ஓடவில்லை, கடைகள் மூடியிருந்தன. ‘சிலோன்’ என்ற சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்லாதே என்று அம்மா அதட்டினாள். அன்று தமிழ்நாடு வாயை மூடிக்கொண்டது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த செல்வி புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். ‘தோழி’ என்ற பெண்கள் இதழை நடத்தியவர். பெண்கள் படும் பாட்டை நாடகமாக்கியவர். 1992இல் அவருக்குச் சர்வதேச விருது ஒன்று அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை.

ஒரே ஆண்டில் மூன்று இளம்பெண்கள். ஒருவர் தன்னை எரித்த தாள்களோடு முடித்துக்கொண்டார். ஒருவர் இயக்கத்தின் ஆயுதமாக ஆக்கப்பட்டார். ஒருவர் இயக்கத்தின் சிறைக்குள் மறைந்தார். ஆயுதமான உடலைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. கேள்வி கேட்ட வாய்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பில் ஒரு வரி.

4

இது ஈழத்து இயக்கங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. எண்பதுகளில் இடதுசாரிச் சாயல் கொண்ட இயக்கங்களின் பாசறைகளில் மாவோவை வாசித்தார்கள். நெடும்பயணத்தைக் கதையாகச் சொன்னார்கள். அந்தப் பாசறைகளில் எழுத்தாளர் திங் லிங்கின் கதையையும் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங் லிங்கின் கணவரை 1931இல் கோமிந்தாங் ஆட்சி சுட்டுக்கொன்றது. அவரையே 1933 முதல் 1936 வரை பிடித்து வைத்திருந்தது. தப்பிச் சென்று கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானுக்குப் போய்ச் சேர்ந்தார். 1942 மகளிர் தினத்தையொட்டி அங்கே ஒரு கட்டுரை எழுதினார். புரட்சித் தளத்திலும் பெண் மணந்தாலும் ஏச்சு, மணக்காவிட்டாலும் ஏச்சு. பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தால் பின்தங்கியவள் என்று கைவிடப்படுகிறாள் என்பது அதன் சாரம். அதே நாள்களில் தலைவர்களுக்குக் கிடைக்கும் தனிச் சலுகைகளைக் கேள்வி கேட்டு எழுதியவர் வாங் ஷிவெய். இருவர் மேலும் பாய்ந்தார்கள். திங் லிங் தன் கட்டுரையை மறுத்தார்; அதோடு வாங் ஷிவெய்யைக் கண்டித்து மேடையிலும் பேசினார். வாங் சிறைப்பட்டார், 1947இல் கொல்லப்பட்டார்.

இந்தச் சம்பவத்தில் என்னை நிறுத்துவது திங் லிங்கின் அந்த மேடைப் பேச்சுதான். களையெடுப்புக்குக் கொலையாளிகள் மட்டும் போதாது. தப்பிக்க விரும்புகிறவர் அடுத்தவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். அப்படிச் சுட்டியும் அவர் தப்பவில்லை. 1957இல் ‘வலதுசாரி’ என்ற முத்திரை விழுந்தது. வடகிழக்கின் குளிர்ப் பண்ணைக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். எதிரியின் காவலில் மூன்றாண்டு இருந்தவள் எப்படி மாசில்லாமல் திரும்பியிருப்பாள் என்ற கேள்வி முதுமைவரை அவரைத் துரத்தியது. நமக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. சீதையிடம் கேட்டது இதைத்தான். சந்தேகத்துக்கு ஆளான ஆணிடம் நீ யாரோடு பேசினாய் என்று கேட்பார்கள். பெண்ணிடம் யாரோடு படுத்தாய் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

ஆட்சி கைக்கு வந்தபின் அளவு மாறியது. 1950–51இல் ‘எதிர்ப்புரட்சியாளர்’ ஒழிப்பு இயக்கத்தில், மக்கள் தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று கொல்லப்பட வேண்டியவர்களின் விகிதத்தை மாவோ முன்கூட்டியே வகுத்தார். சீன அரசு தானே தொகுத்த கணக்கில் 7,12,000 பேர் அதில் கொல்லப்பட்டார்கள். இதை வகுப்பில் சொன்னபோது, அக்கா போன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், “டார்கெட் மாதிரியா மேம்?” என்றாள். ஆமாம், டார்கெட் மாதிரிதான். எண்ணிக்கை முதலில் வந்துவிட்டால், பெயர்களை எப்படியாவது கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும்.

5

இதையெல்லாம் இப்போது பேசினால் யாருக்கு லாபம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2009இன் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவே சொன்ன ஒரு படுகொலைக்கு இன்னும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரப் பந்தலில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். ‘எங்கே?’ என்று அவர்கள் இலங்கை அரசைக் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது அந்த அரசு. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் செல்வியின் தாய் எந்தப் பந்தலில் உட்காருவார்? ஒரத்தநாட்டுத் தோப்புகளில் புதைக்கப்பட்டவர்களின் தாய்மார் யாரிடம் படத்தைக் காட்டுவார்கள்? அரசு கொன்றால் வழக்குப் போடவாவது ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. நம்மவர் கொன்றால் அழுவதற்கே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். கோவலன் சந்தேகத்தின் பேரில், ஆராயாமல் கொல்லப்பட்டவன். பொற்கொல்லன் கைகாட்டினான், மன்னன் ஆணையிட்டான். அதுவரை ஒரத்தநாட்டுக்கும் மதுரைக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு பிறகு வருகிறது. கொன்றது யாரென்று கண்ணகிக்குத் தெரிந்தது. போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் அவை இருந்தது. தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள எதிரே ஒரு மனிதன் இருந்தான். ஊரை எரித்ததைத்தான் நாம் மேடைகளில் கொண்டாடுகிறோம். அவள் முதலில் கேட்டது விசாரணை.

மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ மட்டும் உருபில்லை, ‘ஓடு’ம் உண்டு. அதன் பொருள் உடனிகழ்ச்சி. 1986இல் டெலோ இளைஞர்கள் தெருவில் எரிந்தபோது, எரித்தவர்களுக்குச் சிலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தவரே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சுடவில்லை, உடனிருந்தார்கள். கடலுக்கு இப்பால், ஆய்வேட்டில் ஓர் உருபை அடித்தவளும் யாரையும் சுடவில்லை. ‘யாரால்’ என்று எழுதத் துணிகிறவர்கள் ‘யாரோடு’ என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய துரோகிப் பட்டியலை இறக்கிவிட்டுப் புதிய ஒன்றை ஏற்றுகிறவர்கள் ஆவோம். அட்டை மட்டும் கழுத்து மாறும்.

இந்த ஆண்டுக்கான குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன். ‘செல்வி: 1991 ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பவில்லை.’ அதன் கீழே இன்னொரு வரி: ‘இக்குறிப்பின் முந்தைய படிகளில் இது தவறாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் உங்கள் ஆசிரியர்.’

அந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். முதல் படியை அவளிடம்தான் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதுல ‘ஆல்’ வந்துடுச்சு மேம்” என்றாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவங்க கூட நாடகம் படிச்சவங்க யாராவது இப்ப இருப்பாங்களா?” என்று கேட்டாள். இருப்பார்கள் என்றேன். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.